சித்தப்பாவும் பூண்டுக் கஷாயமும்

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். "கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டேன்டா. இப்ப பூண்டு, இஞ்சி, எலுமிச்சை போட்ட கஷாயம்தான். எல்லாம் இயற்கை, சைடு எஃபெக்டே கிடையாது"ன்னார். ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வெச்ச மனுஷன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூலிகையைக் கிண்டல் பண்றதுக்காக இதை எழுதலை மக்களே. அதைச் சோதிச்சுப் பார்க்காம நம்பறதுதான் என் பிரச்சினை.

குக்குலு கதையையே எடுத்துக்குங்க. சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு நோய்க்குச் சொன்ன பிசின். 1966-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், கொலஸ்ட்ரால் குறைந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து மருந்தே தயாரித்தது. ஆனால் 2003-ல் அமெரிக்காவில் 103 பேரை வைத்து எட்டு வாரம் நடந்த சோதனையில், குக்குலு சாப்பிட்டவர்களுக்கு கெட்ட கொலஸ்ட்ரால் (அதாங்க, எல்டிஎல்) 4, 5 சதவீதம் ஏறிடுச்சு! டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 சதவீதம் இறங்கியது. குக்குலு கோஷ்டியில் சிலருக்குத் தோலில் தடிப்பு வேற.

சித்தப்பாவின் பூண்டு? 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆறு மாசம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் அசையவே இல்லை.

சரி, இயற்கையில் எதுவுமே வேலை செய்யாதா? செய்யும். பூஞ்சை போட்டுப் புளிக்க வைக்கிற சீனத்துச் சிவப்பு அரிசி நல்லாவே குறைக்கும். ஏன்னா, அதில் இருக்கும் மொனாகொலின் கே-வும் லோவாஸ்டாடின் மாத்திரையும் ஒரே பொருள். அப்போ தசைவலி மாதிரி சைடு எஃபெக்டும் அதேதானே? கூடவே, எந்த டப்பாவில் எவ்வளவு இருக்குன்னு நமக்குத் தெரியாது.

நம்ம இசப்கோல் உமியும் எல்டிஎல்லை ஓரளவு குறைக்கும். ஆனா மாத்திரையோட சேர்த்து எடுத்துக்கலாமே தவிர, மாத்திரைக்குப் பதிலா இல்லை.

இதையெல்லாம் சொல்லி, "கஷாயத்தை ரசம் மாதிரி குடிங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க, ரத்தமும் டெஸ்ட் பண்ணிடலாம்"னேன். "பாக்கலாம்டா"ன்னு போனை வெச்சுட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகப் போறேன்.

உங்க வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். சும்மா கேட்டுப் பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. மருந்தை மாத்தறதா இருந்தா உங்க டாக்டரைக் கேளுங்க, என்னை இல்லை :-)