தேயிலைக் குடியானவரும் சுதேசியமும்

பௌர்ணமிதோறும் வேலூர்ச் சாலை வழியே வேங்கிக்காலைக் கடந்து அருணாசல கிரியை வலம் வரச் செல்லும் ஜனங்கள் கணக்கிலடங்கார். 14 கிலோமீட்டர் நடைக்கு முன்னும் பின்னும் அவர்கள் நாடுவது ஒரு டம்ளர் தேநீர். அத்தேயிலையை விளைவித்தவர் யார் என்பது கடைக்காரருக்கும் தெரியாது; குடிப்பவருக்கும் தெரியாது. நீலகிரிக் குடியானவரின் வறுமைக்கு இந்த அறியாமையும் ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

தேயிலை என்றவுடன் துரைமார்களின் பெருந்தோட்டங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இன்று நீலகிரியில் ஓரிரண்டு ஏக்கர் நிலத்தில் குடும்பத்தோடு பாடுபடும் சிறு விவசாயிகள் பல்லாயிரவர். படகர் குடும்பங்கள் அவர்களுள் ஏராளம். நிலம் அவர்களுடையது, செடி அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. விலை மாத்திரம் பிறர் கையில் இருக்கிறது.

நெல்லைக் குதிரில் கொட்டி நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். பறித்த தேயிலையோ அன்றே ஆலைக்குச் சேராவிடில் கெட்டுப்போகும். ஆகவே ஆலைக்காரர் சொன்னதே விலை. அவரைக் கேட்டால் குன்னூர் ஏலத்தைக் காட்டுகிறார். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சை இலை வேண்டும். 2023-ம் வருஷத்தில் பச்சை இலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு மலைக் கிராமத்தார் உண்ணாவிரதமிருந்தனர். தம் சரக்குக்கு விலை கேட்கப் பட்டினி கிடக்கவேண்டிய நிலைமை எந்தத் தேசத்துக்கும் கௌரவமாகாது.

பரிகாரம் தேடப்படாமலில்லை. 1962-ல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலை ஆலை ஏற்பட்டது. இத்தகைய ஆலைகளை இணைத்து 1965-ல் இண்ட்கோசர்வ் உண்டாயிற்று. இவற்றின் உபகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பல தோட்டத்து இலைகள் ஒன்றாய்க் கலந்தபின், கவனமாய்க் கிள்ளியவர் இலைக்கும் கண்மூடி வெட்டியவர் இலைக்கும் பேதமென்ன?

தைவான் தீவைப் பாருங்கள். தேயிலை ஆலைகளுக்கு அங்கிருந்த சட்டக் கட்டுப்பாடு 1982-ல் நீங்கிற்று. அதன்பின், தம் இலையைத் தாமே வாட்டி, உருட்டி, உலர்த்தி, தம் கடையிலேயே விற்கும் குடும்பங்கள் பெருகின. லூகூ என்னும் ஊரில் உழவர் சங்கமே தேயிலைப் போட்டி நடத்துகிறது. அங்கே பரிசு பெற்ற ஊலாங் தேயிலைக்கு மிகுந்த கிராக்கி. வாங்குபவர் மலையின் பெயரையும் செய்தவர் பெயரையும் கேட்டு வாங்குகிறார்.

'நம் ஏழை ஜனங்கள் விலையுயர்ந்த தேயிலைக்கு எங்கே போவார்கள்?' என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கதரைக் குறித்தும் இவ்வாறே சொன்னார்கள். டீக்கடைக்கு வேண்டிய தூளை ஆலையே செய்யட்டும். பறிப்பில் ஒரு பங்கையேனும் குடியானவர் தம் கையால் பக்குவம் செய்து, தம் பெயரால் விற்க வழி வேண்டும் என்பதே நமது கோரிக்கை. குடியானவருக்கும் ஒரு வார்த்தை: இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற நியமத்தைக் கைவிட்டு முற்றிய இலையைக் கத்தரித்துக் கொட்டினால் நற்பெயர் வராது. பெயரை விரும்புவோர் அதற்குத் தக்க சரக்கைத் தரக் கடமைப்பட்டவர்கள்.

சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று. சிற்றாலை வைக்கும் குடும்பங்களுக்குக் கடனும் பயிற்சியும் அளிக்கவேண்டும். கூட்டுறவு ஆலைகள் இலையைத் தரம் பிரித்துத் தரத்துக்கேற்ற விலை கொடுக்கச் செய்யவேண்டும். ஜனங்கள் திரளும் கோயில் நகரங்களில் குடியானவர் நேரே விற்கும் கடைகளுக்கு இடந்தரவேண்டும். கலெக்டர் கச்சேரி அமைந்திருக்கும் வேங்கிக்காலிலேயே முதற்கடை ஏற்பட்டால் நாம் மகிழ்வோம்.

அதுவரை நாமும் சும்மாயிருக்கவேண்டியதில்லை. தேயிலை வாங்கும்போதெல்லாம், 'இது யார் தோட்டத்து இலை?' என்று கேட்போம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் விடையோடு வருவார்.