பன்னிரண்டில் ஒன்றா செஞ்சி?

தோழர்களே! செஞ்சி உலகப் புகழ் எய்திவிட்டது, மகிழ்வோம். 2025 ஜூலை 11-ஆம் நாள், பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, தனது 47-ஆவது அமர்வில் நம் கோட்டையைப் பட்டியலில் ஏற்றியது. எந்தப் பெயரால்? செஞ்சிக் கோட்டை என்றா? அன்று, அன்று! "இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்" என்ற பெயரால்! கோட்டைகள் பன்னிரண்டு, பதினொன்று மகாராஷ்டிரத்தில், எஞ்சிய ஒன்று நம்முடையது.

சினங்கொள்ளுமுன் கணக்குப் பார்ப்போம். அடிகோலியவன் ஆனந்தக்கோன் என்பது வழிவழிச் செய்தி. விஜயநகரத்தின் கீழ்த் தோன்றிய நாயக்கர்கள் நூறாண்டுக்கு மேல் ஆண்டனர். மதிலும் மாளிகையும் பெருக்கினர். பின்னர் பீஜப்பூர்ப் படை புகுந்தது. 1677-ல் சிவாஜி கைக்கொண்டார். 1698-ல் முகலாயர் பறித்தனர். இடைப்பட்ட காலம் இருபத்தோராண்டு! அதற்குள் ராஜாராம் ஆண்டுக்கணக்கில் முற்றுகையைத் தாங்கிநின்ற வீரத்தை எவர் மறுப்பார்? நாம் மறுக்கவில்லை. ஆனால் 1714-ல் களத்தில் வீழ்ந்த தேசிங்கு எங்கே? 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரனும் இங்கே கொடி பறக்கவிட்டான். அவனும் பெயர்ப்பலகை கேட்கட்டுமா?

நாடகம் எழுதுபவன் நான். மூன்றாம் காட்சியில் வந்து போகும் வீரன் எத்துணை அழகாக வாள் சுழற்றினும், நாடகத்திற்கே அவன் பெயரைச் சூட்டினால் கொட்டகை சிரிக்கும்.

பாரிஸைப் பழிப்பது வீண். 1972-ஆம் ஆண்டு உலக மரபு உடன்படிக்கையின் 3-ஆம் விதியைப் படியுங்கள். தன் மண்ணிலுள்ள மரபுச் சொத்து எதுவென அடையாளங்காண்பது அந்தந்த நாட்டரசின் பொறுப்பு என்கிறது அது. விண்ணப்பம் எழுதியது டில்லி, ஏற்றுக்கொண்டது பாரிஸ். ஆனால் 4-ஆம் விதி ஒன்றும் உண்டு. இதை நம்மவர் எடுத்துப் பேசுவதில்லை. காப்பதோடு கடமை முடியாது; மக்களுக்கு எடுத்துக்காட்டவும், வருந்தலைமுறைக்கு ஒப்படைக்கவும் வேண்டும் என்பது அதன் ஆணை. எதை ஒப்படைப்பது? இருபத்தோராண்டை மட்டுமா?

சான்றுக்குப் பஞ்சமில்லை. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியின் வரலாற்றையும் அதன் ஆட்சியாளர்களையும் ஆங்கிலத்தில் நூலாக்க, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-ல் வெளியிட்டது. அதன் செய்தி கோட்டை வாயிலில் தமிழில் ஏறட்டும்: கோன் முதல் வெள்ளையன் வரை, ஒருவரும் விடுபடாமல்!

விழுப்புரம் மாவட்டத் தோழர்கள் அவ்விரு விதிகளையும் தமிழாக்கி, ஊர்தோறும் படித்துக்காட்டி, கையொப்பம் திரட்டித் தொல்லியல் துறைக்கு அனுப்புக. படி ஒன்று பாரிசுக்கும் போகட்டும்.