பழி வரும்போது யார் முன்னால் நிற்பது?

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சில நிமிடங்களில் கட்டுப்பாடு இழந்து வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி எச்சரித்தும், உடனிருந்த நிபுணர்களின் கணக்கை நம்பி மேலே போகச் சொன்னவர் அவர்தான். இதைக் கலாமே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

வெளியே பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் கலாமை உடன் அழைத்துச் சென்றார்; பேசியது தவன்தான். தோல்விக்குத் தானே பொறுப்பு என்றார், தன் ஆட்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். அடுத்த முயற்சியில், 1980 ஜூலை 18 அன்று, அதே எஸ்.எல்.வி.-3 ஏந்திச் சென்ற ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையைத் தொட்டது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவிட்டார் தவன்.

நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கினால் வளர்ப்பு. குறைந்தால் வாத்தியார் சரியில்லை. விற்பனை கூடினால் முதலாளியின் சாமர்த்தியம். சரக்கு தேங்கினால் கடைப் பையனுக்கு வசவு, அதுவும் வாடிக்கையாளர் எதிரிலேயே.

பொறுப்பேற்பது என்றால் பதவி விலகுவதுதான் என்ற எண்ணம் நமக்கு உண்டு. அதற்கும் மதிப்பிருக்கிறது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டார். பாலத்தைப் பார்வையிட்டவர் அவரல்ல. ஆனாலும் துறை அவருடையது. அவர்மேல் குற்றம் இல்லை என்று சொல்லியே நேரு அந்த விலகலை ஏற்றார்.

ஆனால் எல்லோருக்கும் விட்டுப்போகப் பதவி இருப்பதில்லை. அப்பாவோ பட்டறை மேஸ்திரியோ எங்கே விலகுவது? அவர்களுக்குத் தவன் காட்டிய வழிதான் பொருந்தும். வெளியிலிருந்து கேள்வி வந்தால் மூத்தவர் பதில் சொல்லட்டும். யார் தவறு, எங்கே பிசகியது என்ற விசாரணை கட்டாயம் வேண்டும். அதை வெளியாட்கள் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு மேஸ்திரி இருக்கும் பட்டறையில் பையன்கள் உடைந்த உதிரிப்பாகத்தை ஒளித்துவைக்க மாட்டார்கள்.