நான்கு மீட்டர் மலை

காரைக்காலில் கடல் உண்டு, ஆறு உண்டு, வயல் உண்டு, அம்மையார் கோயிலும் உண்டு. மலை மட்டும் இல்லை. நம் வகுப்புப் பிள்ளைகளை மலை வரையச் சொன்னால் இரண்டு முக்கோணங்களை அருகருகே போட்டு, நடுவில் ஒரு சூரியனை வைத்துவிடுவார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டால் நமக்கே மாதா கோயில் கோபுரத்தைத்தான் சுட்டிக்காட்டத் தோன்றுகிறது.

ஆகையால், துருக்கி தேசத்து இஸ்தான்புல் நகரில் ஜனங்கள் சாம்லிஜா என்னும் குன்றின் மேல் ஏறி நின்று, வலசை போகும் பறவைகளை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று படித்தபோது நமக்குச் சற்றுப் பொறாமை உண்டாயிற்று. நாரை, கழுகு முதலிய பெரும் பறவைகள் இறக்கை அடிப்பதில் மிகுந்த சிக்கனம் உள்ளவை. வெயிலில் சூடேறி நிலத்திலிருந்து மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின்னர் சறுக்கிக்கொண்டே அடுத்த காற்றைத் தேடிச் செல்லும். கடலின் மேல் அவ்விதம் காற்று எழுவது அரிது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் செங்கால் நாரைகள் இலட்சக்கணக்கில் பாஸ்பரஸ் ஜலசந்தியின் குறுகிய இடத்தில் வந்து கூடுகின்றன. குன்றின் மேல் நிற்பவனுக்கு அந்த ஊர்வலம் தலைக்கு நேரே தெரியும்.

பொறாமை ஓர் ஆசிரியருக்கு அழகன்று. எனவே சென்ற பொங்கல் விடுமுறையில் பன்னிரண்டு மாணவர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரணியம் வழியாகக் கோடியக்கரைக்குப் புறப்பட்டோம். 1930ஆம் ஆண்டில் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண் வேதாரணியம். அந்தச் சரித்திரத்தை வண்டியிலேயே விஸ்தாரமாகச் சொன்னோம். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பிள்ளைகளில் பாதிப் பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேதாரணியத்துக்கும் கோடியக்கரைக்கும் இடையே ராமர் பாதம் என்று ஒரு மேடு இருக்கிறது. உச்சியில் சிறிய சந்நிதி. உள்ளே கல்லில் பதிந்த இரண்டு பாதங்கள். இராமபிரான் இங்கு நின்றுதான் இலங்கையை நோக்கினார் என்பது ஐதிகம். அந்தப் பகுதியிலேயே மிக உயர்ந்த இடம் இதுதான். உயரம் சுமார் 4 மீட்டர்!

"ஸார், இதுதான் மலையா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நமக்கு இது போதும், அம்மா" என்றோம்.

உண்மையிலேயே போதுமானதாயிருந்தது. சற்று நேரத்துக்கெல்லாம் ஓர் உள்ளான் கூட்டம் கடற்பக்கமிருந்து வந்தது. பல நூறு பறவைகள் ஒரே உடம்பு போலத் திரும்பின. ஒரு கணம் கறுப்பு, மறு கணம் வெள்ளை. பின்னர் சதுப்பின் பக்கமாக இறங்கி மறைந்தன. கழுகைப் போலக் காற்றில் மிதந்து போகிற செல்வர்கள் அல்ல இவை; சிறகடித்தே வழியெல்லாம் கடக்கிற உழைப்பாளிகள். இவற்றின் இனத்தைச் சேர்ந்த பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022ஆம் ஆண்டில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து முடித்தது. பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு அது. இத்தகைய பறவைகளுக்கு வேண்டியது மலையன்று. இறங்கியதும் பசியாற ஓரிடம்.

அந்த இடத்தைக் காணச் சதுப்பின் கரைக்குப் போனோம். தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் தோய்த்து, நாவினால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளி, சிக்கியதை உண்ணுகின்றன. (தலையால் நடந்து கயிலைக்குச் சென்ற அம்மையாரின் ஊர்க்காரர்கள் இதைக் கண்டு வியக்கலாகாது.) சேற்றில் உள்ளான்கள் ஓடி ஓடிக் குத்திக்கொண்டிருந்தன. குட்டை அலகுக்கு மேற்சேற்றுப் புழு. நீண்ட அலகுக்கு ஆழத்தில் இருக்கும் புழு. ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைப்பதில்லை.

இவற்றுள் வளைமூக்கு உள்ளானின் கதை மிக விசித்திரமானது. அது முட்டையிடுவது ஸைபீரியாவின் வடகோடியில். அங்கே லெம்மிங் என்று ஒரு வகை எலி உண்டு. எலி பெருகிய ஆண்டில் நரிகள் எலியைத் தின்று திருப்தியடைகின்றன; உள்ளானின் குஞ்சுகள் பிழைக்கின்றன. எலி குறைந்த ஆண்டில் நரிகளின் பார்வை கூடுகளின் மேல் திரும்புகிறது. அந்தப் பருவத்தில் தென்திசைக் கடற்கரைகளுக்கு வரும் கூட்டங்களில் இளம் பறவைகள் அரிதாகிவிடும். ஸைபீரியாவின் எலிக் கணக்கு உலகத்தின் மறு பாதியில் சேற்றின் மேல் எழுதப்படுகிறது!

பறவைகள் வடக்கும் தெற்குமாகப் போய் வருவதை நம் புலவர்கள் அறியாதவர்கள் அல்லர். குமரித் துறையிலிருந்து வடமலைக்குப் போகும் அன்னத்திடம், வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் காணும்படி சொன்னார் பிசிராந்தையார். சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையைத் தம் மனைவியிடம் தூது விட்டார். ஐரோப்பாவிலோ, தகைவிலான்கள் குளத்துச் சேற்றில் புதைந்து பனிக்காலத்தைக் கழிப்பதாகப் பலர் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1822ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு நாரை கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி பாய்ந்தபடியே வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவர்கள் பேச்சு மாறலாயிற்று. ஆனால் "எல்லாம் நம்மவர் முன்பே கண்டதுதான்" என்று இதற்காக மார்தட்ட நமக்கு விருப்பமில்லை. புலவருக்கு வேண்டியிருந்தது தூது. பறவையை எண்ணிப் பார்க்க அவருக்கு அவசியமில்லை. எண்ணியவர்கள் பிற்காலத்தவர். டாக்டர் ஸாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் கோடியக்கரையில் வலையிட்டுப் பிடித்து, காலில் அலுமினிய வளையம் பூட்டி விடுவித்த பறவைகள் ஏராளம். கண்டவர் பம்பாய்க்குத் தெரிவிக்கவேண்டும் என்ற வாசகம் அந்த வளையத்தில் பொறித்திருக்கும். எழுத்தறியாத பறவை எவ்வளவு தூரம் கடிதம் சுமக்கிறது!

1967இல் இவ்விடம் சரணாலயம் ஆயிற்று. 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏறியது. எனினும் முன்னாளில் இங்கு இறங்கிய அளவுக்கு உள்ளான்கள் இப்போது இறங்குவதில்லை என்பதே எண்ணியவர்களின் முடிவு. நல்ல நீர் வரத்துக் குறைந்ததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது முதல் காவிரி நீர் கணக்குப் பார்த்தே வருகிறது. கடைமடைக்காரர்களாகிய நமக்கு அந்த ஏக்கம் தெரியும். நமக்கும் பிந்திய கடைமடை இந்தச் சதுப்பு. வயல் காய்ந்தால் நாம் மனுக் கொடுப்போம். சேற்றுக்காக மனுக் கொடுப்பவர் யார்?

இவ்வாறு எண்ணிக்கொண்டு நிற்கையில், பக்கத்தில் கடற்கரைக் குப்பத்துப் பையன் ஒருவன் நின்றிருந்தான். வெகு நேரம் பேசாமல் இருந்தவன், மெதுவாக, "ஸார், அரையாண்டுப் பரீட்சையில் சதுப்பு நிலம் என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்களே?" என்றான்.

கேட்டிருந்தோம். 'பயிருக்கு உதவாத வீண் நிலம்' என்பது இருபது வருஷமாக நாம் எழுதிப்போட்டு வரும் விடை. அவன் என்ன எழுதினான் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'பறவைகள் வந்து சாப்பிடுகிற இடம்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'பாடத்தைப் படிக்கவும்' என்று ஓரத்தில் குறித்திருந்தோம்.

அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நம் கையிலிருந்த பைனாகுலரை வாங்கிக்கொண்டு பூநாரைகளைப் பார்க்கத் தொடங்கினான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பீரோவைக் குடைந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தோம். இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டையும் போட்டுக் கையெழுத்திட்டோம். மதிப்பெண் பட்டியல் மட்டும் முன்பே அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது.