பங்குனி ஆமைக்கு மூச்சு விட வழி வேண்டும்

கோடியக்கரையில் ஐப்பசி பிறந்தால் வெளியூர்ப் படகுகள் வந்து இறங்கும், கரையில் கீற்றுக் கொட்டகைகள் எழும்பும். சதுப்பில் பூநாரைகள் நிற்கும். தை பிறந்ததும் பங்குனி ஆமை முட்டையிட வரும்.

போன தையில் வலை உலர்த்தப் போனேன், ஒன்று செத்து ஒதுங்கிக் கிடந்தது. ஓட்டில் கீறல்கூட இல்லை. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கியிருந்தன. மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். மணிக்கணக்கில் இழுபடும் இழுவைமடிக்குள் சிக்கினால் மேலே வர வழியேது? முட்டையிட வந்த தாய் என்றால், வயிற்றில் நூறு முட்டையாவது இருந்திருக்கும்.

ஆமைக் காலத்தில், அவை கூடும் இடங்களில், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய பிறகுதான் பலருக்கு அது நினைவுக்கு வந்தது. ராத்திரியில் ரோந்துப் படகு கடலில் நிற்கட்டும். மடியில் ஆமை தப்பும் வாசல் வைத்தால் கொஞ்சம் மீனும் போகும். அந்த நட்டத்தை அரசு ஏற்கட்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை காத்திருந்தால் ஆமைக்குப் பயனில்லை. எங்கள் ஃபைபர் படகு வலையிலும் ஆமை சிக்கும். இரண்டு முறை வலையை அறுத்து விட்டிருக்கிறேன்.