விசா இருந்தால் மட்டும் போதாது... வரிச் சான்றிதழும் வேண்டும்! - வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் கவனத்துக்கு

'வரி விஷயத்தில் நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர்?' வெளிநாட்டில் வங்கிக் கணக்கு தொடங்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட் என்பதால் பலர் யோசிக்காமல் 'இந்தியா' என்று எழுதிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் கேட்கிறார்கள்?

ஓ.இ.சி.டி அமைப்பு 2014-ல் கொண்டுவந்த 'சி.ஆர்.எஸ்' விதிகள்தான் காரணம். இதன்படி, கணக்கில் உள்ள இருப்பு, வட்டி போன்ற விவரங்களை வங்கி தன் நாட்டு வரித்துறைக்குத் தரும். அந்தத் துறை, நீங்கள் குறிப்பிட்ட நாட்டுக்கு அனுப்பிவைக்கும். இந்தியா 2017 முதலும், சிங்கப்பூரும் அமீரகமும் 2018 முதலும் இப்படித் தகவல் பரிமாறிவருகின்றன.

ஆக, துபாயில் வசிப்பவர் 'இந்தியா' என்று எழுதினால், அவருடைய துபாய் கணக்கு விவரம் இந்திய வருமான வரித்துறைக்கு வந்துசேரும். பிறகு விளக்கம் சொல்லும் பொறுப்பு அவருடையது.

குடியுரிமை வேறு, வரி வேறு

எந்த நாட்டில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதே இதில் முக்கியம். படிவத்தில் அந்த நாட்டின் வரி எண்ணையும் கேட்பார்கள். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஃபின்' எண்தான் வரி எண். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. அதனால், அந்த இடத்தைக் காலியாக விடாமல், 'இந்த நாடு வரி எண் வழங்குவதில்லை' என்ற காரணத்தை டிக் செய்ய வேண்டும்.

சான்றிதழ் இருந்தால் எவ்வளவு மிச்சம்?

வங்கிப் படிவம் உங்கள் உறுதிமொழி மட்டுமே. வரிச்சலுகை பெற, வசிக்கும் நாட்டின் வரித்துறை தரும் 'டி.ஆர்.சி' என்ற வசிப்பிடச் சான்றிதழ் தேவை.

துபாயில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்தியாவில் என்.ஆர்.ஓ ஃபிக்ஸட் டெபாசிட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக செஸ் சேர்த்து 31.2%, அதாவது ரூ.31,200 டி.டி.எஸ் பிடிப்பார்கள். இந்தியா - அமீரகம் வரி ஒப்பந்தப்படி வட்டிக்கு 12.5% தான். டி.ஆர்.சி-யுடன், வருமான வரி இணையதளத்தில் அதற்குரிய படிவத்தையும் தாக்கல் செய்து வங்கியில் கொடுத்தால், ரூ.12,500-உடன் முடிந்துவிடும். மிச்சம் ரூ.18,700!

அமீரகத்தில் இந்தச் சான்றிதழை ஃபெடரல் டாக்ஸ் அத்தாரிட்டி ஆன்லைனில் வழங்குகிறது. இந்திய ஒப்பந்தப்படி, அந்த ஆண்டில் 183 நாள்களாவது அங்கே தங்கியிருக்க வேண்டும். பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐ.டி, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சான்று, நாட்டுக்குள் வந்துபோன தேதிகளின் பட்டியல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஒருமுறை வாங்கிய சான்றிதழ் எப்போதைக்கும் செல்லாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்க வேண்டும்.

ஊர் திரும்பிவிட்டீர்களா?

வேலையை முடித்து ஊரோடு வந்துவிட்டவர்கள் பலர், அங்குள்ள கணக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வசிக்கும் நாடு மாறியதை அந்த வங்கிக்குச் சொல்லி, புதிய படிவம் தர வேண்டும். இந்திய வரிச் சட்டப்படி முழுமையான 'ரெசிடென்ட்' ஆனபிறகு, அந்தக் கணக்கை வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டுவதும் கட்டாயம். மறைத்தால், 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டப்படி ரூ.10 லட்சம் அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

பல வருட உழைப்பில் சேர்த்த பணத்துக்குக் கணக்கு காட்ட முடியாமல் தவிப்பதைவிட, அந்த ஒற்றைக் கேள்விக்குச் சரியான பதில் எழுதுவது எளிது!