லாரி எப்போது வரும், ஆணையர் அவர்களே?

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

சென்னையில் வாசல்தோறும் வந்து குப்பை வாங்கும் வழக்கம் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக் கோப்பு எதிலும் பிறந்ததல்ல. 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு அதைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டியது. தெருக்காரர்கள் மாதாமாதம் சிறு தொகை போட்டு ஒரு மூன்று சக்கர வண்டி வாங்குவார்கள். அதுவரை குப்பைத் தொட்டியைக் கிளறிப் பிழைத்துவந்த ஒருவரையே சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். தெருவை அழகுபடுத்துபவர் என்று அவருக்கு மரியாதையாக ஒரு பெயரும் வைத்தார்கள். வண்டி வராத அன்றைக்கு யாரைக் கேட்பது என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. மாநகராட்சி அந்த வழியைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். 2000இல் ஓனிக்ஸ் வந்தது. அடுத்து நீல் மெட்டல் பனால்கா, ராம்கி, உர்பேசர் என்று ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வண்டி பெரிதாயிற்று, தொகை பெரிதாயிற்று. கேள்வி கேட்கும் உரிமை மட்டும் தெருவிலிருந்து நழுவிப்போனது.

மழைநீர் சேகரிப்பின் கதையும் ஏறத்தாழ இதே மாதிரிதான். கூரையில் விழும் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள் என்று தொண்ணூறுகளில் சேகர் ராகவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னபோது பலருக்கு அது வேலையற்றவர் பேச்சாகத்தான் பட்டிருக்கும். 2002இல் மந்தைவெளியில் மழை மையம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது.

இந்த நகரத்துக்குக் கூலி வாங்காமல் உழைத்தவர்கள் வெறும் கைகளாக இருந்ததில்லை. மாநகராட்சிக்கு யோசனையும் அவர்களிடமிருந்தே வந்திருக்கிறது. இன்றைக்குக் கை மட்டும் போதும், யோசனை வேண்டாம் என்கிற இடத்துக்கு நிர்வாகம் வந்து நிற்கிறதோ என்ற ஐயத்தில்தான் இந்த மடல் எழுதப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு கால்வாய்க்கரையோ கடற்கரையோ. விடிந்ததும் இளைஞர்கள் வருகிறார்கள். கையுறை, தொப்பி, பேனர் எல்லாம் தயார். ஒன்பது மணிக்குள் மூட்டைகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன: சிப்ஸ் உறைகள், ஷாம்பு சாஷேக்கள், தெர்மகோல் துண்டுகள், ஒற்றைச் செருப்புகள். படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைகிறார்கள். மூட்டைகளை ஏற்ற லாரி வரவேண்டும். நேரத்துக்கு வந்துவிட்டால் நல்லது. மறுநாள் வந்தால் அதற்குள் நாய்கள் மூட்டையைப் பிய்த்திருக்கும், காற்று பாதியைக் கரைக்கே திருப்பிக் கொடுத்திருக்கும். வந்த இளைஞர்களுக்கு அது தெரியாது. பக்கத்துக் குடிசைக்காரர்களுக்குத் தெரியும். வாரி எடுக்க ஆள் கிடைப்பது இந்த ஊரில் ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. வாரியதை ஏற்றிப்போகும் லாரி ஆணையரின் கையில் இருக்கிறது. அந்தக் குப்பை திரும்ப அங்கேயே வந்து சேராமல் தடுக்கும் அதிகாரமும் ஆணையரின் கையில்தான்.

கடல் ஆமைகளைக் காப்பவர்களைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். கடல் ஆமை பாதுகாப்பு மாணவர் குழு 1988இல் தொடங்கியது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். கரையேறிய பங்குனி ஆமை முட்டையிட்டுத் திரும்பிய தடம், டிராக்டர் சக்கரம் போன சுவடு மாதிரி மணலில் விழுந்திருக்கும். அந்த இடத்தில் குச்சியை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். மணல் சட்டென்று இளகிக் கொடுக்கும் புள்ளியில் கையால் தோண்டினால், தோள்வரை கை போகும் ஆழத்தில் பானை வயிறு போன்ற குழி. உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள், பிங்பாங் பந்து அளவில். அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைத்துவிட்டு, ஒன்றரை மாதத்துக்குமேல் காவல் காக்கிறார்கள்.

குஞ்சு பொரிந்து வெளியே வந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல். சென்னையில் அது கடற்கரைச் சாலையின் உயர்கோபுர விளக்கு. ஆமைப் பருவத்தில் விளக்குகளை அணைத்து வையுங்கள், அல்லது கடலை நோக்கி வீசாதபடி மறைப்புப் போடுங்கள் என்று அவர்கள் வெகுகாலமாகக் கேட்டுவருகிறார்கள். முப்பது ஆண்டுகளைத் தாண்டிய இரவு நடை ஒருபக்கம். மாநகராட்சியின் ஒரு சுவிட்ச் மறுபக்கம். எந்தப் பணியானாலும் தன்னார்வலரின் உழைப்பு ஏதோ ஓர் இடத்தில் அரசு அலுவலகச் சுவிட்சில் வந்து முட்டத்தான் செய்கிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைகள்மீது சந்தேகம் எழுந்தது. கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்ற விதி மீண்டும் பேச்சுக்கு வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எத்தனை ஆமை, எந்தக் கரையில் என்ற கணக்கு ஊருக்குத் தெரியவந்ததில், இரவில் நடந்தவர்களின் கண்ணுக்கும் குறிப்பேட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. பொறுக்கியதைவிட எண்ணியது பெரிய சேவையாகிவிடும் தருணங்களும் இருக்கின்றன. ஏரிகளைச் சுற்றி நடந்து தணிக்கை செய்த, ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கத்தின் தன்னார்வலர்கள் செய்ததும் இதுதான்.

எண்ணுகிறவர்களையும் கேள்வி கேட்கிறவர்களையும் அரசு எப்படி நடத்துகிறது என்று இங்கே கேட்டாக வேண்டும். கொடுங்கையூரில் மாநகராட்சி குப்பை எரி உலை வைக்கத் திட்டமிட்டபோது வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் தெருத்தெருவாகப் பேசி, 2025 மே மாதத்தில் மனிதச் சங்கிலியாக நின்றன. நகரத்துக் குப்பையைப் பல பத்தாண்டுகளாகத் தங்கள் மூக்கருகே வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். குப்பையைப் பிரித்து வாங்குங்கள், பிரித்ததை மட்கச் செய்யுங்கள், எரிக்காதீர்கள் என்பது அவர்கள் கோரிக்கை. இதற்காக வேலைநாள் மாலைகளையும் விடுமுறைகளையும் செலவிட்டார்கள். ஒரு பைசா ஊதியம் கிடையாது. பெசன்ட் நகரில் பாட்டில் பொறுக்குகிறவருக்குச் சான்றிதழ், கொடுங்கையூரில் கேள்வி கேட்கிறவருக்குக் காவல்துறையின் அனுமதிக் கெடுபிடி என்றால், மாநகராட்சிக்குப் பிடித்த தன்னார்வலர் யார் என்பது ஊருக்குப் புரிந்துவிடும்.

கையுறையிலும் இதே பாகுபாடு உண்டு. கடற்கரையில் சிகரெட் துண்டு பொறுக்கும் பிள்ளைகளுக்கு ரப்பர் கையுறை கிடைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகில் போய் வாளியாலும் பிளாஸ்டிக் குவளையாலும் அந்தக் கறுப்பை அள்ளினார்கள். முழங்கைவரை எண்ணெய் அப்பிய அந்தக் கைகளின் படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. 2015 வெள்ளத்தில் படகுகளைக் கொண்டுவந்து மாடிகளில் தவித்தவர்களை மீட்டவர்களும் கடலோரக் குப்பத்து மீனவர்கள்தான். ஆபத்து வந்தால் முதலில் அழைக்கப்படுகிறவர்கள், பயிற்சி, காப்பீடு, உபகரணம் என்று வரும்போது கடைசி வரிசையில் நிற்கிறார்கள். கடலோரக் குப்பங்களில் மீட்புக்குப் பழகிய இளைஞர்களின் பெயர்ப்பட்டியலும் அவர்களுக்கு ஒரு காப்பீடும் மண்டல அலுவலகத்தில் இருக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்காது.

இனி கண்ணகி நகர்.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 2000இல் தொடங்கிய குடியிருப்பு அது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூட எட்டாதவை. பின்னர் சுனாமியில் வீடிழந்தவர்களுக்குச் செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று 2015க்குப் பிறகு ஆற்றோரத்து மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில். அடுத்த பெருமழையில் அங்கேயும் தரைத்தளத்துக்குள் தண்ணீர். இந்த நகைச்சுவையை அங்கே யாரும் ரசிப்பதில்லை.

உதவ வருகிறவர்களுக்குக் கண்ணகி நகரில் பஞ்சமில்லை. நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நாளைக் கழிக்க வருகின்றன. மரக்கன்று நடுகிறார்கள், நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள், சுவரில் வண்ணம் பூசுகிறார்கள். 2020இல் மாநகராட்சியும் சேர்ந்து நடத்திய சுவரோவியத் திட்டம் உண்மையிலேயே அழகானது. கண்ணகி நகர் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் கேமராவோடு வந்து பார்த்தார்கள். ஆனால் வருகிறவர்கள் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் கண்ணகி நகர்க்காரர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? நட்ட கன்றுக்கு மே மாதத்தில் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று நடும் நாளிலேயே பேசினார்களா?

அந்த ஊர் தன்னுடைய வேலையைத் தானே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அவர் ஆட்டம் பழகியது அந்த ஊரிலேயே. கழிவுநீர் பொங்கினால் மூங்கில் கழியோடு அடைப்பெடுப்பவர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுபவர், ரேஷன் அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதித் தருபவர் என்று பிளாக்குக்குப் பிளாக் ஆட்கள் உண்டு. பெரும்பாலும் பெண்கள். விடிகாலை பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் போய் நான்கு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறவர்கள். இவர்களுக்கு யாரும் டி-ஷர்ட் கொடுத்ததில்லை.

இவர்களுடைய நேரத்தில் பெரும்பங்கு எங்கே போகிறது என்பதை ஆணையர் அறிய வேண்டும். வீடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது. குப்பையும் தெருவும் மாநகராட்சியுடையது. மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்தால் குடிநீர் வாரியத்தின் 1916க்குச் செய்யச் சொல்வார்கள். (ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913. எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்கு வரலாற்று உணர்வு இருந்திருக்க வேண்டும்.) பெரும்பாக்கத்துக்காரர் பாடு இன்னும் மோசம், அது மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை, ஊராட்சி. அடுக்குமாடிகளில் ஆயிரக்கணக்கான நகரத்துக் குடும்பங்களை ஏற்றிவைத்துவிட்டு, அவற்றின் குப்பையைக் கிராம ஊராட்சி வாரட்டும் என்றால் எப்படி? மூன்று அலுவலகங்களுக்கு நடுவே ஓடித் தேயும் செருப்புதான் அங்கே தன்னார்வத் தொண்டு. மூன்று துறைக்கும் பொதுவாக ஓர் அலுவலரைச் சோழிங்கநல்லூர் மண்டலத்தில் உட்கார வைத்தால், அந்தப் பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மிச்சமாகும்.

ஊதியம் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரீ ஃபவுண்டேஷன் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்புப் படையில் இருப்பவர்கள் மீனவ இளைஞர்கள். அவர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. அதனால் அவர்களுடைய அக்கறை குறைந்துவிடவில்லை. வசதியுள்ளவர் ஞாயிறு காலையை இனாமாகக் கொடுக்கலாம். தினக்கூலிக்காரர் அதைக் கொடுத்தால் அன்று அடுப்பு எரியாது. ஒரு பகுதியின் வடிகாலையும் குளத்தையும் கண்காணிக்க அந்தப் பகுதி ஆளே வேண்டுமென்றால், அவருடைய நேரத்துக்கு விலை கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலிலேயே பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்தார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். புயலிலும் கொரோனாவிலும் தெருவில் நின்றவர்கள் அவர்கள். சம்பளக்காரரின் வேலையைக் குறைத்துவிட்டு, அந்த இடைவெளியை நிரப்பத் தன்னார்வலரைக் கூப்பிட்டால், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறவர்களின் நல்ல மனசையும் சேர்த்து மாநகராட்சி செலவழித்துவிடுகிறது. துப்புரவு நிகழ்ச்சிக்கு வரும் கல்லூரி மாணவர்கள், அந்த வட்டத்தின் தூய்மைப் பணியாளர்களோடு ஒரு காலைப் பொழுது வண்டி தள்ளட்டும். மூட்டை கட்டுவதைவிட அதில் கற்றுக்கொள்வது அதிகம்.

வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்துவிட்டன. வாக்காளர்கள் தங்கள் பகுதியின் வேலைகளைப் பற்றி உட்கார்ந்து பேசச் சட்டமே இடம் தந்திருக்கிறது. எக்ஸ்னோரா காலத்துத் தெருக்காரர்கள் கையில் வைத்திருந்து இழந்த அதிகாரத்தில் ஒரு பங்கையாவது அது திருப்பித் தர முடியும், கூட்டம் சடங்காகாமல் இருந்தால். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கண்ணகி நகரில் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் யாரும் வரமாட்டார்கள். வருகிறவர்கள் வழக்கமாக மேடைக்கு வருகிறவர்கள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஒரு ஞாயிறு மாலை ஏழு மணிக்குமேல், கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பகுதி சபைகளைக் கூட்டச் சொல்லுங்கள். எந்தெந்த மழைநீர் வடிகால் தூர்வாரப்பட்டது, அள்ளிய வண்டல் எங்கே போனது, எது இன்னும் பாக்கி என்ற பட்டியலோடு பொறியாளர் வரட்டும். வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது பழைய இடத்துக்கு இறங்கிவிடும் என்பதை அங்கே யாரும் அவருக்கு விளக்க வேண்டியிராது, ஆனாலும் விளக்குவார்கள். எந்த மூடியைத் திறந்தால் எந்த பிளாக்கில் தண்ணீர் வடியும் என்பது வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தேநீர்ச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். லாரியை மட்டும் மறுநாள் காலையில் அனுப்பிவையுங்கள்.